நானூறு காப்பி

பூதப்பாண்டி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் காகிதத்துக்குப் பயப்படுகிற ஆள். மனிதர்கள் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறாது. அதையே ஒரு தாளில் அடித்து, கீழே ஒரு முத்திரையும் குத்தி நீட்டினால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவான். "பேப்பர்ல போட்டிருக்குல்லா" என்பது அவன் வாயில் எந்நேரமும் கிடக்கிற பேச்சு. வீட்டில் உள்ள அத்தனை காகிதத்தையும், கேஸ் சிலிண்டர் ரசீது உட்பட, லேமினேட் செய்து வைத்திருந்தான். "என்னையும் அந்த மெஷினுக்குள்ள விட்டு எடுங்க, சுருங்காம இருப்பேன்லா" என்று அவன் மனைவி சுனிதா ஒருநாள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

இப்பேர்ப்பட்டவன் கையிலா அந்த நோட்டீஸ் வந்து சேர வேண்டும்!

குழந்தைகள் இரத்தச் சர்க்கரை இயல்பெல்லை நிர்ணய வாரியம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவருக்கே சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் ஊரில் அதை இயல்பு ஆபீஸ் என்றார்கள். நோயில்லாத பிள்ளைகளின் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருப்பது இயல்பு என்று அளந்து அறிவிப்பது அதன் வேலை. காரியம் என்னவோ நல்ல காரியந்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் முகாம், பிள்ளைகளை வெறும் வயிற்றில் அழைத்து வரவும், முந்தின பத்து மணி நேரத்தில் எதுவும் உட்கொள்ளக் கூடாது என்று நோட்டீஸ் சொன்னது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினான்கு விதிகள்.

பிரதி எடுக்கிற வேலை சுயம்புலிங்கத்துக்குத்தான் வந்தது. நானூறு காப்பி. ஒவ்வொன்றும் மெஷினிலிருந்து வெளியே வரும்போது எடுத்து ஒரு தடவை வாசித்தான். விதிகளை எழுதியவருக்குக்கூட அவை அப்படி மனப்பாடமாக இருந்திருக்காது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் விடிந்து எழுந்ததும் கருப்பட்டிக் காப்பி குடிப்பது உட்கொள்வதில் சேராது. சாப்பாடு என்றால் இட்லி, தோசை, பழையது என்று பல்லில் படுகிற ஏதாவது ஒன்று. "சாப்டாச்சா?" என்று கேட்டால், "எங்க, வெறும் வயிறுதான், ஒரு காப்பி குடிச்சதோட சரி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். கேட்டவரும் அய்யோ பாவம் என்பார். ஆகவே நோட்டீஸ் வாங்கிய வீடுகளில் எல்லாம் சனிக்கிழமை விடிகாலையில் பிள்ளைகளை எழுப்பி, கெட்டிக் காப்பி ஒரு தம்ளர், பாவம் பட்டினியாகக் கிடக்கப்போகிறதே என்று இன்னும் ஒரு தம்ளர் கொடுத்து, வெறும் வயிற்றோடு அனுப்பி வைத்தார்கள். பத்து மணி என்றால் ஆறு மணிக்கே போய் வரிசை பிடிப்பதும் இங்கே வழக்கந்தான்; வரிசையைக் கண்டு ஆபீஸ்காரர்களும் அப்போதே குத்தத் தொடங்கிவிட்டார்கள்.

சுயம்புலிங்கம் வீட்டில் மட்டும் அடுப்பு பற்றவில்லை.

"ஒரு மடக்கு காப்பி குடுத்தா ஒலகம் இடிஞ்சிருமா? பச்சப்பிள்ள கெடந்து வாடுகா" என்றாள் சுனிதா.

"எதுவும்னு போட்டிருக்கு. எதுவும்னா எதுவுந்தான்" என்றான். பற்பசையில் இனிப்பு இருக்கிறது என்று மகளை உப்பு வைத்துப் பல் தேய்க்கச் சொன்னான்.

மகள் ரேஷ்மிக்கு ஒன்பது வயது. பழையாற்றைக் குறுக்கே நீந்துவாள். பள்ளிக்கூடத்தில் சடையைப் பிடித்து இழுத்த ஒருவனின் தோளைக் கடித்துத் தழும்பு போட்டவள். பிறந்ததிலிருந்து காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்ததில்லை. அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்ற ஒரு நம்பிக்கை மட்டும் அவளுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. பசித்த வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அப்பா கையில் கொடுத்து, பத்து மணிக்குச் சரியாக மண்டபத்து வாசலுக்கு வந்தாள்.

உள்ளே சத்தம் காதைப் பிய்த்தது. பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தம் தாணு என்பவருக்குப் போயிருந்தது. ஊராட்சிகளுக்குத் தெருநாய் பிடித்துக் கொடுக்கிறவர். 'ஓடுகிறவற்றை உயிருடன் பிடித்த முன் அனுபவம்' என்று டெண்டரில் ஒரு நிபந்தனை. மாவட்டத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. பழைய வலைகளையே கொண்டு வந்திருந்தார். ஊசியைக் கண்டு ஓடிய பிள்ளைமேல் ஒருவன் வலையை வீசினான், ஒருவன் காலில் உட்கார்ந்தான், ஒருவன் விரலை நிமிர்த்தினான். மணமேடைமேல் ஆறு மேஜை. மேடைப் படிக்கட்டில் இரண்டு பால் பல் கிடந்தன. ஒரு பையனின் மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தாணுவின் ஆள் ஒருவன் பாதிக் காதோடு பந்தி இலை போடும் மேஜையில் படுத்துக் கிடந்தான்.

அடிபட்ட பிள்ளை ஆரோக்கியமான பிள்ளை ஆகாது என்பது மூன்றாம் விதி. எனவே பிடிக்கும்போது அடிபட்டவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அந்த எண்ணிக்கைக்குத் தெருவில் போன பிள்ளைகளைப் பிடித்தார்கள். அவர்களுக்கும் அடிபட்டது. இதெல்லாம் முறைப்படி பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

வாரிய இயக்குநர் டாக்டர் தங்கப்பன் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், ஒடுங்கிய வயிறு. தினமும் விடிகாலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வெந்நீர் மட்டும் குடிக்கிறவர் என்று அவரே இரண்டு முறை சொல்லிவிட்டார்.

"பெற்றோர்களே, இயல்பு என்பது தானாக இருப்பதல்ல. நாங்கள் வந்து சொல்கிறவரைக்கும் உங்கள் பிள்ளை இயல்பாக இருந்ததா என்று உங்களுக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. ஒன்பதே முக்கால் மணி நிலவரப்படி இந்த மாவட்டக் குழந்தைகளின் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று இருபத்தாறு முதல் நூற்று ஐம்பத்தெட்டு வரை! மற்ற ஊர்களில் எழுபதும் எண்பதும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களைவிட இரண்டு மடங்கு! நான்கு மணிக்கு அமைச்சர் வந்து அறிவிப்பார். அதற்கு முன் இந்த எல்லைக்கு வெளியே ஒரு குழந்தைகூட இருக்காது என்று உறுதி கூறுகிறேன்."

அறிக்கை ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. ஒரே ஒரு பெயருக்கு நேராக மட்டும் எண் இல்லை. ரேஷ்மி.

ஆறாம் மேஜையில் இருந்த நர்ஸ் பிளஸ்ஸி மலையாளம் கலந்து பேசும் மேற்குத் தாலுக்காக்காரி. "பேடிக்காத மோளே, எறும்பு கடிச்சது மாதிரிதான்" என்றாள். தாணுவின் ஆட்கள் வலையோடு நெருங்கினார்கள்.

"வலை வேண்டாம். நானே பிடிச்சுத் தாறேன்" என்றான் சுயம்புலிங்கம். பெருமையாகத்தான் சொன்னான். மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து விரலை நிமிர்த்திக் கொடுத்தான். ரேஷ்மி அழவில்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டு.

பிளஸ்ஸி கருவியைத் தட்டிப் பார்த்தாள். அடுத்த விரல். எண்பத்தொன்று. வேறு கருவி, வேறு விரல். எண்பத்து மூன்று. மற்ற ஐந்து மேஜைக்காரர்களும் தங்கள் கருவிகளோடு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு விரல் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவதில் அவள் கையை இழுத்தாள். சுயம்புலிங்கம் இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஏழாவதில் "எப்பா, விடுப்பா" என்றாள். "இன்னும் ஒண்ணுதான் மக்கா. சரியா வந்துரும்" என்றான். எட்டாவது விரலில் இரத்தம் வராமல் பிழிந்தார்கள். எண்பத்திரண்டு.

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து எண்ணைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"குழந்தை ஆபத்தான நிலையில் இருக்கிறது. எல்லைக்கு நாற்பத்து நான்கு கீழே!"

"சார், அவ ஒண்ணும் குடிக்கல்ல. அதான்" என்றான் சுயம்புலிங்கம். அவனுக்கு அப்போதுதான் ஏதோ பொறி தட்டியது. பக்கத்தில் இடுப்பில் பையனோடு நின்ற அன்னக்கிளியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கடைக்கு எதிரே வாழைப்பழம் விற்கிறவள்.

"அக்கா, பிள்ளைக்குக் காலம்பற என்ன குடுத்தியோ?"

"ஒண்ணும் குடுக்கல்ல மக்கா. வெறும் வயிறுல்லா சொல்லியிருக்கு. ரெண்டு தம்ளர் காப்பி, அவ்வளவுதான்."

"கருப்பட்டி போட்டா?"

"பின்ன என்ன, உப்பு போட்டா?"

வரிசையாகக் கேட்டான். எல்லாம் வெறும் வயிறு. எல்லாம் காப்பி. ஒருத்தி மட்டும் ஒரு தம்ளர்தான் என்றாள், கருப்பட்டி தீர்ந்துபோனதாம்.

"சார்! காப்பி சார்! எல்லாப் பிள்ளையளும் காப்பி குடிச்சிட்டு வந்திருக்கு! ஒங்க கணக்கு முழுக்கத் தப்பு! சரியா வந்தது எம் பிள்ளை ஒண்ணுதான்!"

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "படிவத்தில் 'சாப்பிட்டதா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அத்தனை பேரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 'குடித்ததா' என்று கேள்வியே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் தரவு கெட்டுவிடும். நானூறு பிள்ளைகள் ஒரு பக்கம், உங்கள் பிள்ளை ஒரு பக்கம். யாருக்கு நோய் என்று நீங்களே சொல்லுங்கள்."

"அப்ப நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எப்படிப் போவீர்கள்? ஒன்பதாம் விதி. வளாகத்துக்குள் எல்லைக்குக் கீழே காணப்படும் எவரையும், எல்லைக்குள் கொண்டுவராமல் வெளியே அனுப்பக் கூடாது."

சுயம்புலிங்கம் வாசல் பக்கம் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தான். பேப்பரில் போட்டிருந்தது. அவன் அடித்த பேப்பர்.

குளுக்கோஸ் கரைத்து ஒரு சொம்பு வந்தது. அதைக் கண்டதும் ரேஷ்மி வாயை இறுக மூடிக்கொண்டாள். ஒருவன் மூக்கைப் பிடித்தான். மூச்சுக்கு வாய் திறந்தபோது ஊற்றினார்கள். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது. அரை மணி கழித்து ஒன்பதாவது விரலில் நூற்று முப்பத்தொன்று. மேடையில் மணி அடித்தார்கள், கை தட்டினார்கள். இயக்குநர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. வெளியே அனுப்பும்முன் வாசலில் ஒருமுறை அளக்க வேண்டும் என்பது விதி பதினொன்று. பத்தாவது விரல். எழுபத்தொன்பது.

"இந்த உடம்பு ஒத்துழைக்க மறுக்கிறது" என்றார் இயக்குநர்.

"சார், கூடினது தன்னால எறங்கினா அதுதான சார் நல்ல ஒடம்பு?" என்று பிளஸ்ஸி மெதுவாகக் கேட்டாள்.

"நீ எந்தக் காலேஜ்?"

பிளஸ்ஸி அடுத்த ஊசியை உறையிலிருந்து எடுத்தாள்.

இரண்டாவது சொம்பு. ரேஷ்மி தாணுவின் ஆள்மேல் வாந்தி எடுத்தாள். அவன் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அறைந்த கையின் கட்டைவிரலை அவள் கவ்வினாள், எலும்பில் பல் பட்டது, மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். விரலில் இனி இடமில்லை என்று காது மடலில் குத்தினார்கள். அதன்பிறகு குதிகாலில்.

"டிரிப் போடுங்கள். எல்லைக்குள் நிற்கிறவரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கட்டும். ஒரு வாரமானாலும் சரி" என்றார் இயக்குநர். நான்கு பேர் அவளைத் தூக்கி மேஜையில் மல்லாத்தினார்கள். ஒருவன் முழங்காலால் அவள் தொடையை அழுத்தினான்.

"எப்பா! எப்பா! நீதானப்பா கூட்டிட்டு வந்த!"

சுயம்புலிங்கத்தின் வாழ்நாளில் அவன் ஒரு வரிசையைத் தாண்டியதில்லை. ஒருவழிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட எதிரே போனதில்லை. அவன் டிரிப் பாட்டில் மாட்டியிருந்த இரும்புக் கம்பியைத் தூக்கினான். முழங்காலால் அழுத்தியவனின் முதுகில் முதல் அடி. திரும்பியவனின் தாடையில் அடுத்தது. பல் சில்லறை மாதிரி தெறித்தது. "சவத்த பயக்களா, விடுங்கலே எம் பிள்ளைய!" என்று கத்தியது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு ஏழெட்டுப் பேர் அவன்மேல் விழுந்தார்கள். புருவம் கிழிந்தது. விலாவில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. நாய் வாடை அடிக்கிற வலை அவன் தலைமேல் வந்து இறங்கியது.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு! அவளுக்கு ஒண்ணுமில்ல!" என்று வலைக்குள்ளிருந்து அலறினான்.

இயக்குநர் குனிந்து அவனைப் பார்த்தார். "பதினான்காம் விதி. எல்லைக்குக் கீழே உள்ள ஒருவர் இயல்பானவர் என்று வாதிடுவது குறைச் சர்க்கரையால் வரும் மூளைக் குழப்பத்தின் அறிகுறி. வாதிடுகிறவரையும் பரிசோதிக்க வேண்டும்."

சுயம்புலிங்கத்தைக் குத்தினார்கள். எண்பத்தொன்பது. மகளுக்குக் கொடுக்காமல் தான் மட்டும் எப்படிக் குடிப்பது என்று அவனும் காப்பி குடிக்கவில்லை.

"குடும்பமே இப்படியா" என்று இயக்குநர் வருந்தினார்.

இரத்தம் வழிந்து மூடிய ஒரு கண்ணோடு கிடந்த சுயம்புலிங்கத்துக்கு அப்போது ஒன்பதாம் விதி கண்முன்னே அச்சடித்த மாதிரி நின்றது. நானூறு தடவை பார்த்த வரி.

"சார்" என்றான். "ஒம்பதாம் விதியில 'எவரையும்'னுதான போட்டிருக்கு? பிள்ளையளன்னு போடல்லயே."

"அதற்கென்ன?"

"நீங்க காலைல என்ன சார் குடிச்சிய?"

அன்னக்கிளி இடுப்பிலிருந்த பையனைக் கீழே இறக்கினாள்.

"வெந்நீருன்னுல்லா மைக்குல சொன்னாரு" என்றாள். "ரெண்டு மட்டம் சொன்னாரு."

"நான் இயக்குநர்! விதி எனக்குப் பொருந்தாது!"

"எவரையும்னு போட்டிருக்கு. நானூறு காப்பி எடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா!"

தாய்மார்கள் வாசலை அடைத்தார்கள். ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்தாள், ஒருத்தி முடியைப் பிடித்தாள். அன்னக்கிளி அவர் கையை மேஜையில் வைத்து அழுத்தினாள். வாழைத்தார் தூக்கிப் பழகிய கை. பிளஸ்ஸி இயக்குநரின் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்துக் குத்தினாள்.

எண்பத்து நான்கு.

"இது இயல்பு!" என்று இயக்குநர் வீறிட்டார். "முட்டாள்களே, உலகத்தில் எங்கே போய்க் கேட்டாலும் இதுதான் இயல்பு! எனக்கு ஒன்றுமில்லை!"

"பதினாலாம் விதி" என்றாள் பிளஸ்ஸி. "வாதிடுகான்... வாதிடுகாரு."

எல்லோரும் தாணுவைப் பார்த்தார்கள். தாணு தன் ஒப்பந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உதட்டை அசைத்து வாசித்தார். "இதுலயும் எவரையும்னுதான் சார் போட்டிருக்கு. தப்பா நெனைக்காண்டாம்" என்று சொல்லிவிட்டு வலையை வீசினார்.

இரண்டு பேர் காலில் உட்கார்ந்தார்கள், மூன்று பேர் நெஞ்சில். பெற்ற தாய்மார்கள் ஆளுக்கொரு விரல் எடுத்துக்கொண்டார்கள். மூக்கைப் பிடித்து ஊற்றிய சொம்பின் விளிம்பு பட்டு முன்பல் இரண்டு போயிற்று. அரை மணியில் நூற்று இருபத்தெட்டு என்று மணி அடித்தார்கள். ஒன்றரை மணியில் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. எட்டு கிலோமீட்டர் ஓடுகிற உடம்பு இல்லையா. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான்கு மணிக்கு அமைச்சர் வந்து எல்லையை அறிவித்தபோது மேடைக்குப் பின்னால் சத்தம் கேட்டது. என்ன என்று அவர் கேட்டதற்கு, ஒருவரை இயல்புக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னார்கள். நல்லது என்றார்.

அதற்கு வெகுநேரம் முன்பே சுயம்புலிங்கம் வலையை விலக்கி எழுந்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டான். வாசலில் தடுக்க ஆளில்லை. பிடிக்கிற ஆட்கள் எல்லோரும் இயக்குநர்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

சுனிதா வாசலிலேயே மகளை அவன் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் பத்து விரலையும் வெந்நீரில் கழுவித் துணி சுற்றினாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. விரல்கள் வீங்கியிருந்ததால் ரேஷ்மியால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் காப்பியை ஆற்றி வாயில் வைத்துக் கொடுத்தாள். சுயம்புலிங்கம் விலாவில் கட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினால், ரேஷ்மி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள். பிடித்துக் கொடுத்த கை அல்லவா. வலி இருந்த இடம் விலா இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் வாரம் வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. முத்திரை குத்திய கெட்டித் தாள். 'மேற்படி ரேஷ்மி என்னும் குழந்தை மாவட்ட எல்லைக்குக் கீழே உள்ளதால் இயல்பற்றது எனச் சான்றளிக்கப்படுகிறது.' சுயம்புலிங்கம் அதை உட்கார்ந்தபடியே ஒரு கையால் வாங்கினான். இரண்டு தடவை வாசித்தான்.

ரேஷ்மி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் பின்னால்தான் இருந்தன.

"பேப்பர்ல என்னப்பா போட்டிருக்கு?"

அவன் தாளை நாலாக மடித்தான். காகிதத்தைப் பற்றி அவன் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

"ஒனக்கு ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கு மக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து, "குடு, பாக்கட்டும்" என்று நீட்டினாள். சுயம்புலிங்கம் தாளைக் கொடுக்கவில்லை. அதைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டுவிட்டு, அந்தக் கையை வலிக்காமல் பிடித்துக்கொண்டான்.